மூன்றடி இடைவெளி

மழை வருவதற்குள் ஒட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். மழை வேறு கணக்குப் போட்டிருந்தது.

முதல் துளி மூக்கில் விழுந்தது. அடுத்தது கையில் இருந்த தாளில். கேட் தூணில் பசை தடவி ஒட்டிய தாள், மேல் மூலையை அழுத்தினால் கீழ் மூலையைத் தூக்கியது. கீழே அழுத்தினால் மேலே பிரிந்து வந்து அவள் முகத்திலேயே படிந்தது. பைக்குள் ஒட்டும் டேப் இருந்தது. எடுக்கத்தான் மூன்றாவது கை இல்லை.

“நான் வேணா பிடிச்சுக்கட்டுமா?”

குரலோடு ஒரு குடையும் வந்து அவள் தலைக்கு மேல் நின்றது. திரும்பிப் பார்த்தாள். மழைக்கு ஒதுங்காமல், அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு பாதி நனைந்தபடி ஒருவன்... சட்டைப் பையில் கண்ணாடி துடைக்கும் சின்னத் துணி எட்டிப் பார்த்தது. இன்னொரு கையை விரித்துத் தாளை அமுக்கிப் பிடித்தான்.

அவனுக்குக் கண்களைப் பார்ப்பதுதான் தொழில். கடைத்தெருவில் சின்னதாக ஒரு கண்ணாடிக் கடை, பின்னால் திரை போட்ட ஒரு இருட்டறை. நாள் முழுக்க யார் யார் கண்களையோ விளக்கடித்துப் பார்க்கிறவன். ஆனால் இமை நுனியில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருக்கும் இந்தக் கண்களை... தொழில்முறையில் பார்க்க முடியவில்லை அவனால். அதனால்தான் கைக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தவறினான்.

“என்னங்க இது, கொசு மருந்து அடிக்க வர்றாங்களா?”

“இல்லீங்க.”

“தண்ணி வராதா?”

“அதுவும் இல்ல. கொஞ்சம் மேல பிடிங்க... ம், அப்படியே.”

மேலே பிடித்தான். அவள் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து நான்கு மூலையிலும் ஒட்டினாள். தாள் அடங்கியது.

“ரொம்ப தேங்க்ஸ். இந்த வீட்டுக்காரர் எப்ப வருவாருன்னு தெரியுமா?”

“வந்துட்டாரே. குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறார்.”

அவள் விழித்தாள். அவன் சிரித்துக்கொண்டே தாளைப் படித்தான். ‘அனுமதியின்றி நடைபெறும் கட்டுமானப் பணியை உடனடியாக நிறுத்தவும். நகராட்சி, கட்டட அனுமதிப் பிரிவு.’ சிரிப்பு பாதியில் நின்றது.

“என் வீட்டு நோட்டீஸை என் கையாலயே ஒட்ட வச்சுட்டீங்க.”

“பிடிச்சுக்கட்டுமான்னு நீங்கதான் கேட்டீங்க.”

“ஒரு பாத்ரூம்ங்க. கீழ ஒரு சின்ன பாத்ரூம். மாளிகையா கட்டுறேன்?”

“பெயின்ட் அடிங்க, தரையில கல்லு மாத்துங்க, கதவு மாத்துங்க, யாரும் கேக்க மாட்டோம். புதுசா அஸ்திவாரம் தோண்டிச் சுவர் எழுப்பினா அனுமதி வாங்கணும். அதுவும் பக்கத்துல மூணு அடி காலியா விடணும். இப்பத்தான் அளந்தேன், நீங்க விட்டிருக்கிறது ரெண்டரை.”

“மேடம், விஷயம் என்னன்னா... எங்க அக்கா...”

அதற்குள் பக்கத்து வீட்டு கேட் திறந்தது. “ஏம்மா மழையில நிக்குற? உள்ள வா, டீ போட்டாச்சு.”

“இதோ வர்றேன் மாமா” என்றாள் அவள்.

அந்த ஒரு ‘மாமா’ போதுமானதாக இருந்தது. அவன் பக்கத்து வீட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். தூணில் இருந்த நோட்டீஸைப் பார்த்தான்.

“ஓ... குடும்பமா சேர்ந்து ஒட்டின நோட்டீஸா இது?”

அவள் தலைக்கு மேல் இருந்த குடை மெல்ல நகர்ந்து அவன் தலைக்கு மேல் போய்விட்டது. அவ்வளவு மழையும் ஒரே நேரத்தில் அவள்மேல் விழுந்தது.

மாமா வீட்டு வராந்தாவில் டீ ஆறிக்கொண்டிருந்தது. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை அவளுக்கு. மாமாவும் சமீபத்தில்தான் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்திருந்தார். புகார் வந்ததுமே மேலதிகாரியிடம் சொல்லிவிட்டாள், ‘சார், புகார் கொடுத்தது எங்க மாமா.’ அவர் சிரித்து, ‘விண்ணப்பம் போடறவர் உனக்கு வேண்டியவரா இருந்தாத்தான் நீ போகக் கூடாது. இது பக்கத்து வீடுதானே, போய்ட்டு வா’ என்று அனுப்பிவிட்டார்.

“ஒரு வார்த்தை சொல்லலைம்மா அந்தப் பையன்” என்றார் மாமா. அவர் அம்மாவின் தம்பி. கோபம் வந்தால் காது சிவக்கும். “பக்கத்துல ஒரு மனுஷன் குடியிருக்கானேன்னு ஒரு நினைப்பு வேணாமா? காலையில எழுந்து பார்த்தா சுவர் வளர்ந்து நிக்குது. எனக்குச் சுவர்மேல கோபம் இல்ல. கேக்கலை பாரு, அதுதான்.”

காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம், கூரை போடாத அந்தச் சின்னச் சுவர்களுக்கு நடுவே அவன் நடந்துகொண்டிருந்தான். போனான், வந்தான். மறுபடி போனான். மழையில் நனைந்து நிற்கும் செங்கல்லைக் கையால் தடவினான். அவளால் டீயைக் குடித்து முடிக்க முடியவில்லை. சொல்ல வந்தானே... அக்கா என்று என்னவோ...

*

நோட்டீஸை மறுநாள் காலையிலேயே கிழித்துவிட்டான். கோபத்தில் செய்கிற எல்லாக் காரியத்தையும் போல அதுவும் நன்றாகத்தான் இருந்தது, நகராட்சி அலுவலகக் கவுன்ட்டருக்கு வரும் வரைக்கும்.

“அனுமதி வாங்காம ஆரம்பிச்ச வேலைக்குத் தனி விண்ணப்பம்” என்றார் அங்கிருந்த எழுத்தர். “வரைபடம் வேணும். வீட்டுல ஒட்டின நோட்டீஸையும் கூட இணைக்கணும்.”

“நோட்டீஸ்... கண்டிப்பா வேணுமா?”

“கண்டிப்பா. இல்லைன்னா ஒட்டினவங்ககிட்டயே போய் வாங்கிட்டு வாங்க. அதோ, டேப் மேடம்.”

எந்நேரமும் கையில் அளவு டேப்போடு திரிவதால் அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் அது. ஜன்னலோர மேஜையில் ஒரு வரைபடத்தை விரித்து, ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

“நோட்டீஸ் ஒண்ணு வேணும்.”

“நேத்துதானே ஒட்டினேன்.”

“கிழிஞ்சிடுச்சு.”

“தானாவா?”

“கொஞ்சம் உதவி பண்ணினேன்.”

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. உதட்டைக் கடித்து அடக்கினாள். உடனே நேற்று நகர்ந்துபோன குடை ஞாபகம் வந்தது. முகத்தைக் கறாராக வைத்துக்கொண்டாள்.

“மாமாவுக்காகக் கொட்டுற மழையில வந்தீங்களே...” என்று அவன் ஆரம்பித்தான்.

“மாமா இந்தத் தப்பைப் பண்ணியிருந்தாலும் இதே தாளைத்தான் ஒட்டியிருப்பேன்.”

“பார்க்கலாம்.”

“பாருங்களேன்.”

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தானே தவிர ஓரிடத்தில் இல்லை. விரல்கள் மேஜையில் தாளம் போட்டன. கால் ஆடியது. கண் சுவர்க்கடிகாரத்துக்கும் அவள் முகத்துக்கும் போய்ப் போய் வந்தது.

“அப்படி என்னங்க மூணு அடியில இருக்கு? அரை அடிக்கு ஒரு நோட்டீஸா?”

“தீப்பிடிச்சா ஒரு ஆள் குழாயைத் தூக்கிக்கிட்டுப் பின்பக்கம் ஓடணும். காத்து வரணும், வெளிச்சம் வரணும். வீட்டுல யாருக்காவது முடியலைன்னா ஸ்ட்ரெச்சர் போகணும். ரெண்டரை அடியில ரெண்டு பக்கமும் இடிக்கும்.”

தாளம் நின்றது. அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எங்க அக்காவை ஸ்ட்ரெச்சர்லதான் தூக்கிட்டுப் போனாங்க” என்றான். “ரோட்டுல ஒரு வண்டி இடிச்சுட்டுப் போயிடுச்சு. இப்ப சக்கர நாற்காலி. நடக்கப் பயிற்சி கொடுக்கிற இல்லத்துல இருக்காங்க. கீழ ஒரு பாத்ரூம் இருந்தா இந்த மாசக் கடைசியில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார். எங்க வீட்டுல பாத்ரூம் மாடியில. அம்மா அப்பா போனப்புறம் என்னைப் படிக்க வச்சது அவங்கதான். அவங்க யார்கிட்டயும் எதுவும் கேக்காத ஆளு. இப்ப பாத்ரூம் போறதுக்குக்கூட ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிடணும்... போன்ல தினமும் ஒரே கேள்விதான். எப்படா வீட்டுக்கு வரலாம்? வேலை ஓடுதுக்கா, ஓடுதுக்கான்னு சொல்லிட்டிருந்தேன். இப்ப என்ன சொல்றது?”

அவள் விரித்திருந்த வரைபடத்தை மெல்லச் சுருட்டினாள். “முதல்லயே சொல்லியிருக்கலாமே.”

“வாயைத் திறந்தேன். நீங்க டீ குடிக்கப் போயிட்டீங்க.”

வேறு வழி இல்லையா என்று அவன் கேட்கவில்லை. அவளே சொன்னாள். “பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம்னு எழுதிக் கொடுத்தா ரெண்டரை அடிக்கும் அனுமதி கிடைக்கும். அப்புறம், அந்தப் பக்கம் வைக்கிற வென்டிலேட்டர் ஆள் உயரத்துக்கு மேல இருக்கணும்.”

“உங்க மாமாகிட்ட போய்க் கையேந்தச் சொல்றீங்க.”

“ஒரு வார்த்தை கேக்கச் சொல்றேன்.”

“புகார் கொடுத்தவர்கிட்ட போய்... முடியாதுங்க.”

“அப்ப அந்தச் சுவரை இடிச்சு அரை அடி உள்ள தள்ளணும். தள்ளினா சக்கர நாற்காலி உள்ள திரும்பாது.”

அவன் எழுந்தான். அவள் எழுதிக் கொடுத்த புது நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். இரண்டு எட்டு போனவன் திரும்பி வந்தான்.

“ஒண்ணு சொல்லட்டுமா? தாளைத் தள்ளிப் பிடிச்சுப் படிக்கிறீங்க. கண்ணைச் சுருக்குறீங்க. ஒரு நாள் கடைக்கு வாங்க, பார்த்துடலாம்.”

“என் கண்ணுல கோளாறு, அதனால அளவுல கோளாறுன்னு சொல்ல வர்றீங்களா?”

“ஐயோ, நான் கண்ணைத்தாங்க சொன்னேன்...” என்று சொன்னவன், அந்தக் கண்களை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டு, அசடு வழியப் போய்விட்டான்.

வாரம் முடிவதற்குள் மறுபடி வந்து நின்றான். “நோட்டீஸ் தொலைஞ்சிடுச்சு.”

“என்ன ஆளுங்க நீங்க?” என்று கடிந்துகொண்டே மூன்றாவது தாளில் கையெழுத்துப் போட்டாள். அவன் வந்து போன அந்த ஐந்து நிமிஷத்தில் அவள் மேஜை எதுவும் அசையவில்லை. அவள்தான் அன்று முழுக்க ஒரு வேலையும் பார்க்கவில்லை.

*

இருப்புக் கொள்ளவில்லை.

கண்ணாடி முன்னால் நின்றாள், கண்ணைச் சுருக்கினாள், விரித்தாள். கோளாறு இருக்குமோ? அன்றைக்கு மழை இருட்டு வேறு... ஒருவேளை தவறாகப் படித்திருந்தால்? ஒரு அக்கா வீடு திரும்ப முடியாமல் காத்திருக்கிறாள், அதுவும் என்னுடைய அரை அடியால்... டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அளவைச் சரிபார்க்கத்தான் போகிறேன் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அத்தனை முறை சொல்லவேண்டிய அவசியம் என்ன என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவன் வீட்டில்தான் இருந்தான். வேலை நின்றுபோனதால் கொத்தனார் மணல் குவியல்மேல் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மறுபடி அளக்கணும்” என்றாள்.

அவன் ஒன்றும் கேட்காமல் டேப்பின் ஒரு முனையை வாங்கிக் காம்பவுண்டுச் சுவரில் வைத்துப் பிடித்தான். அவள் மறுமுனையைப் புதுச் சுவருக்குக் கொண்டுவந்தாள். இரண்டரை அடி. நன்றாகக் கண்ணை விரித்துப் பார்த்தாலும் இரண்டரை அடி.

“திருப்தியா மேடம்?”

அத்தோடு கிளம்பியிருக்கவேண்டும். விதிப்படி அவள் அளக்கவேண்டியது அந்த இடைவெளி ஒன்றைத்தான். ஆனால் கால் கேட் பக்கம் திரும்ப மறுத்தது. வாய் தானாகச் சொன்னது, “முன்பக்கம் மனையோட முழு அகலத்தையும் அளக்கணும்.”

“அளந்துட்டா போச்சு.”

தெருமுனைப் பக்கம் எல்லைக்கல் கண்ணுக்குத் தெரிந்தது. அவன் அதில் முனையை வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் டேப்பை இழுத்துக்கொண்டே மாமா வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் வந்தாள். படித்தாள். பையிலிருந்து, விண்ணப்பத்தோடு அவன் கொடுத்த வரைபடத்தை எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். மறுபடி டேப்பைப் படித்தாள்.

“என்னாச்சு?”

“இறுக்கிப் பிடிங்க.”

இறுக்கிப் பிடித்தான். அதே அளவு. வீட்டுக்குப் பின்பக்கம் போய் அளந்தார்கள். அங்கேயும் அதே அளவு. பத்திரத்தைப் பார்த்து வரைபடத்தில் எழுதிய அகலத்தைவிட மனை அரை அடி குறைந்தது.

எல்லாரும் செய்கிற தப்புதான். புகார் கொடுத்தவர், வரைபடம் போட்டவர், கொத்தனார், அவள்... அத்தனை பேரும் காம்பவுண்டுச் சுவர்தான் எல்லை என்று எடுத்துக்கொண்டு அங்கிருந்து அளந்திருந்தார்கள். சுவர் எல்லை இல்லை. கல்தான் எல்லை. அந்தப் பக்கத்துக் கல்லை யாரும் தேடவே இல்லை.

இருவரும் ஒரே நேரத்தில் காம்பவுண்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு அப்பால் மாமா வரிசையாக வைத்திருந்த பூந்தொட்டிகளின் தலை தெரிந்தது.

“அப்படின்னா...” என்று அவன் மெதுவாகச் சொன்னான். “சுவர் எங்க மனைக்குள்ள நிக்குது. கல்லுலேர்ந்து பார்த்தா எனக்கு மூணு அடி இருக்கு.”

“கல்லைப் பார்க்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்.”

அவன் வேறெதுவும் பேசவில்லை. ‘மாமா வீடாச்சே, என்ன பண்ணப்போறீங்க?’ என்று குத்திக் காட்டியிருக்கலாம். ‘இதே தாளை ஒட்டுவேன்னு சொன்னீங்களே’ என்று ஞாபகப்படுத்தியிருக்கலாம். சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கேள்வி இல்லை, அவளுக்காக ஒரு கவலை இருந்தது. அதுதான் அவளை என்னவோ செய்தது.

அவள் டேப்பைச் சுருட்டினாள். கொத்தனாரைக் கடப்பாரையோடு கூப்பிட்டுக்கொண்டு மாமா வீட்டு கேட்டைத் திறந்தாள்.

“மாமா, இந்தத் தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தணும்.”

“எதுக்கும்மா?”

சொன்னாள். மாமாவின் காது சிவந்தது. ஆனால் தடுக்கவில்லை. தொட்டியை நகர்த்தி இரண்டு போடு போட்டதும் கடப்பாரை ‘ணங்’ என்றது. மண்ணைத் தள்ளினால், தலையில் கூட்டல் குறி செதுக்கிய எல்லைக்கல். சுவரிலிருந்து சரியாக அரை அடி தள்ளி, மாமாவின் தோட்டத்துக்குள்.

மாமா முகத்தில் ஈயாடவில்லை. “சுவரை நானாம்மா கட்டினேன்? வாங்கும்போதே இருந்தது.”

“தெரியும் மாமா.”

“தெரிஞ்சுமா எழுதப்போற?”

“எழுதணும் மாமா.”

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று டீ வரவில்லை.

வீட்டுக்குப் போனால் அம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “ஊர்ல இருக்கிற சுவரையெல்லாம் அளந்த, சரி. என் தம்பி வீட்டுச் சுவரையுமா? அவன் போன்ல பேசும்போது குரலே உடைஞ்சுபோச்சு. யாருக்காகடி இதெல்லாம்?”

“யாருக்காகவும் இல்லம்மா. அளவு அப்படி.”

சொல்லிவிட்டாளே தவிர அந்தக் கேள்வி போகவில்லை. யாருக்காக? அளவுக்காகத்தான். ஆனால் அந்த அளவை எடுக்க யார் சொன்னது? எந்த விதி சொன்னது? இன்னும் கொஞ்ச நேரம் அங்கே நிற்கவேண்டும் என்று டேப்பை இழுத்தது யார்?

மறுநாள் மேலதிகாரி முன்னால் போய் நின்றாள். கல் எங்கே இருக்கிறது, சுவர் எங்கே இருக்கிறது என்று எழுதிய அறிக்கையை வைத்தாள். கூடவே, அந்த ஃபைலை வேறு யாரிடமாவது கொடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டாள்.

“மாமா வீடு பக்கத்துலன்னு முதல் நாளே சொன்னியே. நான்தான் பரவாயில்லைன்னேன்” என்றார் அவர்.

“மாமாவுக்காக இல்ல சார்.”

அவர் பேனாவை மூடினார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை கேட்காமல் ஃபைலை எடுத்து எதிர் மேஜைக்காரரிடம் தள்ளினார். எதிர் மேஜைக்காரருக்குப் பெரிய மீசை.

*

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மாமா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். ஒரு நாள் சாயங்காலம் மாமாவே வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. அம்மா கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“மீசைக்காரர் வந்து பார்த்துட்டுத் தெளிவா சொல்லிட்டாரும்மா. கல்லுலேர்ந்து மூணு அடி இருக்கு, அனுமதி கொடுத்தாச்சு. பக்கத்து வீட்டுச் சுவரை எடுக்கச் சொல்லணும்னா சொல்லலாம், உங்க இஷ்டம்னு அந்தப் பையன்கிட்ட சொன்னார். நான் கட்டுக்கூலி, இடிகூலின்னு மனசுல நொந்துக்கிட்டு உக்கார்ந்திருக்கேன். கதவைத் தட்டறான். ‘சுவர் அப்படியே இருக்கட்டும் சார். கல் எங்க இருக்குன்னு மட்டும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வச்சுக்கலாம். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், சொல்லாதது என் தப்பு’ன்னான். உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு டீ கொடுத்தேன்.”

“இப்ப வேலை நடக்குதா மாமா?”

“முடிஞ்சே போச்சு. கைப்பிடி எந்த உயரத்துல வைக்கணும்னு நான்தான் நின்னு பார்த்துச் சொன்னேன். அவங்க அக்கா முந்தாநாள் வந்தாச்சு. தங்கமான பொண்ணு.”

அவளுக்கு மூச்சு சீராக வந்தது. அக்கா வந்தாச்சு... அது போதும். அது போதுமா?

மாமா டம்ளரை வைத்துவிட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். “உன்னைப் பத்திப் பேச்செடுத்தேன். ‘பாதியில விட்டுட்டுப் போனவங்களைப் பத்தி எதுக்கு சார்’னுட்டான். மூஞ்சி சுருங்கிப்போச்சு. எனக்கென்னவோ...” என்றவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கினார்.

பாதியில் விட்டுவிட்டுப் போனவள்! உட்கார்ந்தாள், எழுந்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். குடும்பத்துக்குப் பயந்து ஓடிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நினைக்கட்டும். நினைத்தால் எனக்கென்ன? எனக்கென்ன என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

“எங்கடி போற, மழை இருட்டிக்கிட்டு வருது” என்றாள் அம்மா.

“ஒரு அளவு பாக்கி இருக்கும்மா.”

டேப்பை எடுக்கவில்லை. அம்மா அதைக் கவனித்தாள். கவனித்தும் கூப்பிடவில்லை.

கேட் திறந்திருந்தது. தூணில் நோட்டீஸ் ஒட்டிய இடத்தில் பசைத் தழும்பு மட்டும் இருந்தது. பக்கவாட்டில், புதுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில், அவன் மிச்ச மணலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தான். அவள் அந்தச் சந்துக்குள் நுழைந்ததும் நிமிர்ந்தான். ஒரு விநாடி முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த விநாடி அதை இறுக்கி மூடிக்கொண்டான்.

“ஆய்வு முடிஞ்சுபோச்சு மேடம். மீசைக்காரர் வந்து அளந்துட்டுப் போயிட்டார்.”

“தெரியும்.”

“டேப் எங்க?”

“கொண்டு வரலை.”

“அப்ப எதுக்கு...”

மழை ஆரம்பித்தது. அந்த இடுக்கில் ஓடி ஒதுங்க இடமில்லை. இந்தப் பக்கம் புதுப்பூச்சின் ஈர வாசனை, அந்தப் பக்கம் மாமாவின் பழைய சுவர், நடுவே கைக்கெட்டும் தூரத்தில் அவன்.

“ஏன் பாதியில விட்டீங்க?” என்று கேட்டேவிட்டான். கேட்கக் கூடாது என்றுதான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். “வீட்டுல திட்டினாங்களா?”

“திட்டினாங்க. அதுக்காக இல்ல.”

“மாமா மனசு கஷ்டப்படும்னு?”

“மாமா சுவரைப் பத்தி என் கையால எழுதிக் கொடுத்துட்டுத்தான் விலகினேன்.”

“பின்ன?”

அவள் கீழே பார்த்தாள். மழைநீர் இருவர் பாதங்களையும் தொட்டுக்கொண்டு ஓடியது.

“எங்க ஆபீஸ்ல ஒரு விதி இருக்கு. விண்ணப்பம் போட்டவர் நமக்கு வேண்டியவரா இருந்தா அந்த ஃபைலைத் தொடக் கூடாது. தொட்டா அளவு நேர்மையா வராது.”

“அதான், உங்க மாமா...”

“விண்ணப்பம் போட்டது மாமாவா? அவர் முதல் நாள்லேர்ந்தே பக்கத்து வீட்டுலதான் இருந்தார். முதல் நாள்லேர்ந்தே நான் ஃபைலைப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.”

அவன் யோசித்தான். எவ்வளவு பொடி எழுத்தையும் பிறரைப் படிக்க வைக்கிறவனுக்கு இது புரிய இவ்வளவு நேரமா?

“இன்னும் பெரிய எழுத்துல எழுதிக் காட்டணுமா?” என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று மேலே பேசினாள். “முன்பக்க அகலத்தை அளக்கணும்னு எந்த விதியும் இல்ல. எனக்குக் கிளம்ப மனசு வரலை, அதான் அளந்தேன். அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, இனிமே இந்த வீட்டுல நான் எதை அளந்தாலும் சரியா வராதுன்னு. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. அதனாலதான் விட்டேன்.”

துடைப்பம் அவன் கையிலிருந்து நழுவிச் சுவரில் சாய்ந்தது.

“ரெண்டாவது நோட்டீஸ் தொலையலைங்க” என்றான் அவன். “கடையில, என் மேஜை டிராயர்ல பத்திரமா இருக்கு. உங்களை இன்னொரு தடவை பார்க்க வேற காரணம் கிடைக்கலை. அன்னைக்குக் குடையை நகர்த்தினேன் பாருங்க... அதை நினைச்சு நினைச்சு எனக்குத் தூக்கமே இல்ல. ஒருத்தர் கண்ணைக்கூட ஒழுங்காப் பார்க்க முடியலை. யார் வந்து உக்கார்ந்தாலும் உங்க கண்ணுதான்...”

“டேய்...”

குரல் மேலிருந்து வந்தது. இருவரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேலே, அவள் சொன்ன உயரத்தில் சரியாக வைத்த வென்டிலேட்டர். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“அந்தப் பொண்ணு எவ்வளவு நேரம்டா மழையில நிக்கும்? பேசினது போதும், உள்ள கூட்டிட்டு வா.”

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவன் வென்டிலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, நீ எப்படி அங்க? ஹால்லதானே விட்டுட்டு வந்தேன். யாரு கூட்டிட்டுப் போனா?”

உள்ளே சக்கர நாற்காலி மெல்லத் திரும்பும் சத்தம் கேட்டது.

“யாரும் இல்லடா. நானேதான் வந்தேன்” என்றது குரல்.

அவன் அண்ணாந்தபடியே நின்றான். மழையில் நனைந்த முகத்தில் எது மழை, எது கண்ணீர் என்று பக்கத்தில் நின்ற அவளுக்கு மட்டும் தெரிந்தது. அவன் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

சந்தின் முனையில் சாத்தி வைத்திருந்த குடையை இன்னொரு கையால் எடுத்து விரித்தான். அது இரண்டு பக்கச் சுவரிலும் இடித்தது. அவள் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தாள். குடையை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, இந்த முறை நகர்த்தாமல், வாசல் பக்கம் அழைத்துப் போனான்.